வாளையார் காற்றும் சுவர் ஏசியும்: பேக்கேஜ் மெஷின் மாட்டுவது எப்படி

செல்போன் டவருக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை இருக்கும். அதன் வெளிச்சுவரில் பீரோ போல நெட்டுக்குத்தாக ஒரு பெட்டி தொங்கும். அதுதான் சுவரில் மாட்டும் பேக்கேஜ் ஏசி. எங்கள் பக்கத்தில் ஷெல்ட்டர் ஏசி என்றால்தான் புரியும். டவர் மட்டுமல்ல, கஞ்சிக்கோடு கம்பெனிகளின் பேனல் ரூம், யுபிஎஸ் ரூம், எடைமேடை கேபின், கன்டெய்னர் ஆபீஸ் என்று பல இடங்களுக்கும் இப்போது இதைக் கேட்கிறார்கள். நான் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு மேற்கே பாலக்காடு, கிழக்கே பொள்ளாச்சி, கிணத்துக்கடவு என்று இரண்டு மாநிலத்திலும் இந்த வேலைக்குப் போய் வருகிறேன். புதிதாக இந்த மெஷினைத் தொடும் தம்பிகளுக்கும், சைட்டில் நின்று வேலை வாங்கும் ஓனர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஸ்பிளிட் ஏசியில் பாதி வேலை காப்பர் பைப்பில் இருக்கிறது. ஃபிளேர் போடணும், வேக்கம் இழுக்கணும், லீக் பார்க்கணும். இதில் அது எதுவும் கிடையாது. கம்ப்ரசர், கண்டென்சர், கூலிங் காயில், ப்ளோயர் எல்லாம் ஒரே பெட்டிக்குள். கேஸ் கம்பெனியிலேயே எடை போட்டு நிரப்பி வருகிறது. சுவரில் மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை. மேல் ஓட்டை வழியாகக் குளிர்காற்று உள்ளே போகும், கீழ் ஓட்டை வழியாக அறைக் காற்று திரும்பி வரும், அதுதான் ரிட்டர்ன். அவ்வளவுதான் மெஷின்.

அதனால் இதை சுலபமான வேலை என்று நினைத்து ஏசி மெக்கானிக்கைத் தனியாக அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் இது பாதிக்கு மேல் கொத்தனார் வேலை. சுவரைச் சரியாக வெட்டி, பாரத்தைத் தாங்க வைத்து, மழைத்தண்ணீரை வெளியிலேயே நிறுத்திவிட்டால் மெஷின் தானாக ஓடும். கூலிங் இல்லை என்று வருகிற புகாரைத் தேடிப் போனால் பெரும்பாலும் காற்றில் முடியும், தண்ணீரில் முடியும், இல்லாவிட்டால் வோல்டேஜில் முடியும். கேஸில் முடிவது அபூர்வம்.

வீட்டுப் படுக்கையறைக்கு இதை யாராவது கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன். கம்ப்ரசர் சுவருக்கு அந்தப் பக்கமே இருப்பதால் சத்தம் வரும். படுக்கையறைக்கு ஸ்பிளிட் போதும்.

எத்தனை டன்?

சதுர அடி கணக்கு இங்கே உதவாது. ஆள் இல்லாத அறை. சூடு முழுக்க உள்ளே இருக்கும் சாமான்களிலிருந்து வருகிறது. அந்தச் சாமான் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பாருங்கள். இழுக்கிற கரண்டில் ஏறக்குறைய எல்லாமே சூடாக அறைக்குள்தான் விழும்.

ஒரு டவர் ரூமில், லைன் கரண்டை டிசியாக மாற்றிக் கொடுக்கும் ரெக்டிஃபையரின் மீட்டர் 54 வோல்ட், 60 ஆம்பியர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 3,240 வாட். ஒரு டன் என்பது 3,517 வாட். ஆக, சாமான் சூடு மட்டும் 0.92 டன். அதோடு ரெக்டிஃபையரிலேயே வீணாகிற சூடு, கூரை வெயில், கதவு இடுக்கு எல்லாம் சேரும். இங்கே ஒரு டன் மெஷின் போட்டால் மார்ச் மாதமே மூச்சுத்திணறும். ஏனென்றால் நேம்பிளேட்டில் எழுதியிருக்கும் டன், வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்துப் பார்த்தது. பாலக்காட்டில் பங்குனி, சித்திரையில் 40-ஐத் தொடுகிறது. வெயில் பட்ட சுவரை ஒட்டி இருக்கும் காற்று அதற்கும் மேலே போகும். வெளியே சூடு ஏற ஏற மெஷினின் திறன் குறையும், இழுக்கும் கரண்ட் கூடும். மேலே சொன்ன ரூமுக்கு நான் இரண்டு டன் சொல்வேன். கூரை தகரமாக இருந்தால் யோசிக்கவே மாட்டேன்.

முக்கியமான ரூமுக்கு இரண்டு மெஷின் போடுவதே வழக்கம். ஒன்று ஓடும், ஒன்று ஓய்வெடுக்கும். கன்ட்ரோலர் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டும். ஒரு மெஷினே முழுச் சூட்டையும் தாங்குகிற அளவில் இருந்தால்தான் இதற்கு அர்த்தம் உண்டு. இரண்டும் சேர்ந்து ஓடினால்தான் ரூம் குளிர்கிறது என்றால், உங்களிடம் ஸ்பேர் மெஷின் இல்லை என்று பொருள்.

எந்தச் சுவர்?

இதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலும் கதவுக்கு எதிர்ச்சுவர் என்று வரைபடத்திலேயே போட்டு அனுப்பிவிடுகிறார்கள். சென்னையில் உட்கார்ந்து வரைந்தவருக்கு வாளையார் காற்று தெரியாது.

வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத வாசல், அதுதான் பாலக்காட்டுக் கணவாய். கேரள எல்லையில் இருக்கும் வாளையார் இதற்குள்தான் வருகிறது. மேற்குக் கடற்கரைக்கும் கோயமுத்தூருக்கும் நடுவே காற்று போய் வருவதற்கு இந்த ஒரு வழிதான். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை மேற்கிலிருந்து அடிக்கும். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று இரவும் பகலும் வீசும். கஞ்சிக்கோட்டில் கேஎஸ்இபி (கேரள மின்வாரியம்) காற்றாலைகளை நிறுத்தியிருப்பது சும்மா இல்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மெஷின் பறக்காது, ஆனால் மழைத்தண்ணீர் சுவரில் படுக்கைவாட்டாக வந்து அடிக்கும். மேற்குச் சுவரில் ஊசிமுனை இடுக்கு இருந்தாலும் உள்ளே ஈரம் காட்டும்.

இந்த மெஷின்களில் பலவற்றில் கண்டென்சர் காற்றைப் பக்கவாட்டில் இழுத்து முன்பக்கமாகத் தள்ளும். முன்பக்கம் மேற்கைப் பார்த்தால், தள்ளுகிற காற்றை எதிர்க்காற்று திருப்பி அடிக்கும். கிழக்கைப் பார்த்தால் மார்கழியில் அதே கதை. வெளியே தள்ளிய சூட்டையே மெஷின் மறுபடி உறிஞ்சும். அதனால் இந்த வாசலுக்குள் இருக்கும் ஊர்களில் வடக்குச் சுவர் அல்லது தெற்குச் சுவரைத்தான் நான் கேட்பேன். காற்று குறுக்கே போகும்போது சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும்.

இரண்டில் வடக்கு மேல். வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று சொல்வது நம் ஊருக்குப் பொருந்தாது. நாம் இருப்பது வட அட்சம் 10, 11 டிகிரியில். சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை உச்சிவெயில் வடக்கே சாய்ந்துதான் இருக்கும். ஆனால் அது சுவரை உரசிக்கொண்டு போகிற வெயில், மேற்குச் சுவரில் மூன்று மணிக்கு நேராக அறைகிற வெயில் அல்ல. மேலே ஒரு சின்ன சன்ஷேடு இருந்தால் போதும்.

வேறு வழியே இல்லை, மேற்குதான் என்றால் மாட்டலாம். சன்ஷேடை இரண்டு பக்கமும் நீட்டி, சீலிங் வேலையை இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள். ஆனால் சன்ஷேடு காற்று வெளியேறும் ஜாலிக்கு நேர் எதிரே இறங்கி நிற்கக் கூடாது.

முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது மேனுவலில் இருக்கும், அதுதான் கணக்கு. மேனுவல் தொலைந்துபோன சைட்டில் நான் முன்னால் பத்தடி வெறுமையாக இருக்கிறதா என்று பார்ப்பேன். பக்கத்தில் ஒரு ஆள் நின்று ஸ்பேனர் சுற்ற இடம் வேண்டும். காம்பவுண்டுச் சுவர் நெருங்கி இருந்தால், ஜெனரேட்டர் புகைக்குழாய் இந்தப் பக்கம் பார்த்தால், இடத்தை மாற்றச் சொல்லுங்கள். டீசல் கரி காயிலில் படிந்தால் தண்ணீர் அடித்தும் போகாது. காட்டோரச் சைட்டில் இன்னொன்றும் உண்டு: வேலிக்கு வெளியே மெஷினின் முதுகு நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். வாளையாரில் யானை வருகிற வழியில் எதையும் தொங்க விடாமல் இருப்பது நல்லது.

சுவர் எதனால் ஆனது?

டிரில்லிங் மெஷினை எடுப்பதற்கு முன்பு சுவரில் ஒரு சின்னத் துளை போட்டு, வருகிற தூளைப் பாருங்கள். சிவப்பு நைசாக வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில் வந்து, சட்டென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். விழாமல் சீராகப் போனால் சாலிட் பிளாக். செம்மஞ்சளாகப் பொருபொருவென்று உதிர்ந்தால் வெட்டுக்கல் (லேட்டரைட்). வெள்ளை மஞ்சளாக நுரை வந்தால் பஃப் பேனல், அதாவது இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை அடைத்த சுவர்.

மெஷின் எடை நேம்பிளேட்டிலோ மேனுவலிலோ இருக்கும். இரண்டு டன் மெஷின் நூறு கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தப் பாரம் முழுவதும் கீழே இருக்கும் பிராக்கெட்டில் இறங்குகிறது. ஆனால் பெட்டி சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதன் தலை எப்போதும் முன்னால் சாயப் பார்க்கும். கீழ் போல்ட் நசுங்கும், மேல் போல்ட் பிடுங்கப்படும். மேல் போல்ட் இரண்டும்தான் உயிர். பலர் கீழே நல்ல போல்டாகப் போட்டுவிட்டு மேலே கையில் கிடைத்ததை முறுக்கிவிட்டு வருகிறார்கள்.

நல்ல செங்கல், சாலிட் பிளாக், கான்கிரீட் என்றால் ஆங்கர் ஃபாஸ்ட்னர் பிடிக்கும். கலவைச் சந்தில் போடாமல் கல்லின் நடுவில் போட வேண்டும், அவ்வளவுதான்.

வெட்டுக்கல் வேறு மாதிரி. ஒத்தப்பாலம், பட்டாம்பி பக்கம் போனால் பழைய கட்டடம் எல்லாம் இந்தக் கல்தான். வெட்டி எடுக்கும்போது மெதுவாக இருக்கும், வெயிலும் காற்றும் பட்டு மேல்பக்கம் இறுகும். உள்ளே இன்னும் மெதுவாகத்தான் இருக்கும், ஓட்டை ஓட்டையாகவும் இருக்கும். ஆங்கர் ஃபாஸ்ட்னர் என்பது உள்ளே விரிந்து பிடிக்கிற சாமான். மெதுவான கல்லில் விரிந்தால் கல் உடையும். முறுக்க முறுக்க இறுகுகிற மாதிரி தெரிந்து, திடீரென்று லூசாகிவிடும். பட்டாம்பியில் எங்களோடு வேலை செய்யும் மேஸ்திரி என் கையில் ஃபாஸ்ட்னரைப் பார்த்தாலே சிரிப்பார். "ஏட்டா (அண்ணா), இது கல்லில் நிக்கில்லா, சுவரைத் துளைச்சு அந்தப் பக்கம் பிடி" என்பார். அவர் சொல்வதே சரி. 12 மி.மீ. திரெட் ராடு (நீளம் முழுக்க மரை போட்ட கம்பி) சுவரை முழுக்கத் துளைத்து உள்பக்கம் வரட்டும். உள்ளே 50-க்கு 50 மி.மீ. ஆங்கிள் ஒன்றை மேலிருந்து கீழாக நிறுத்தி, அதில் நட்டு முறுக்குங்கள். பிடி ஒரு கல்லில் இல்லாமல் ஐந்தாறு கல்லில் பரவும். உள்பக்கம் பார்க்க அழகாக இருக்காதுதான். பேனல் ரூமில் யார் அழகு பார்க்கிறார்கள்?

ஹாலோ பிளாக்கிலும் இதே முறைதான். அதற்கு மேல் நான் ஒரு ஸ்டாண்டும் கேட்பேன். தரையில் சின்ன கான்கிரீட் மேடை, அதன் மேல் ஆங்கிளில் வெல்டு செய்த கால், அதில் மெஷின் உட்காரும். பாரம் தரைக்குப் போய்விடும். சுவர் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். கோயமுத்தூர் பக்கம் புதிய ஷெட்கள் நிறைய ஹாலோ பிளாக்தான், கேட்காமல் மாட்டிவிடாதீர்கள்.

பஃப் பேனலில் நேராக போல்ட் முறுக்கினால் இரண்டு தகடும் உள்வாங்கும். போல்ட் போகும் ஒவ்வொரு துளையிலும் பேனல் தடிமனுக்குச் சரியாக வெட்டிய ஜிஐ பைப் துண்டைச் செருகிவிட்டு முறுக்குங்கள். வெட்டிய ஓரம் முழுக்க அலுமினிய சேனல் மாட்ட வேண்டும். திறந்து கிடக்கும் நுரையை எலி குடையும், எறும்பு குடிவைக்கும்.

வெட்டுவதும் தூக்குவதும்

ஓட்டை அளவை வேறு மெஷினைப் பார்த்து எடுக்காதீர்கள். கம்பெனி மாறினால், சில சமயம் மாடல் மாறினாலே அளவு மாறும். பெட்டியோடு வரும் டெம்ப்ளேட்டை, இல்லாவிட்டால் மேனுவல் படத்தை அளந்து வெட்டிய அட்டையைச் சுவரில் ஒட்டி, தூக்குகுண்டு விட்டு, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். உள்பக்கம் வந்து அதே இடத்தில் கேபிள் ட்ரே, ரேக், சுவருக்குள் ஓடும் வயர் எதுவும் இல்லையா என்று பாருங்கள். நான்கு மூலையிலும் வெளியிலிருந்து உள்ளே துளை போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கட்டரால் கீறி, பிறகுதான் உளி. ஒரே பக்கமிருந்து உடைத்துக்கொண்டே போனால் அந்தப் பக்கம் பூச்சு தட்டுத்தட்டாக விழும்.

ஓட்டைக்கு மேல் சின்ன லிண்டலாவது, ஆங்கிள் ஃபிரேமாவது கட்டாயம் வேண்டும். கீழ் விளிம்பை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகப் பூசச் சொல்லுங்கள். தப்பித்தவறித் தண்ணீர் வந்தாலும் வெளியே போகட்டும்.

மெஷினை எப்போதும் நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும். லாரியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் கம்ப்ரசர் ஆயில் பைப்புக்குள் போயிருக்கும். நிமிர்த்தி ஒரு நாள் முழுக்க நிற்கவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். தூக்குவதற்கு முக்காலியும் செயின் பிளாக்கும். நாலு பேர் தோளில் தூக்கி, ஒருவர் போல்ட் தேடுவது நம் ஊரில் நடக்கிறது, ஆனால் செய்யக் கூடாது. முதலில் கீழ் பிராக்கெட்டை ரசமட்டம் பார்த்து மாட்டி, மெஷினை அதில் உட்கார வைத்து, மேல் போல்ட்டைப் பிடித்த பிறகே செயினைத் தளர்த்துங்கள்.

இடவலம் சமமாக இருக்க வேண்டும். முன்பின்னாகப் பார்த்தால் சுவர்ப்பக்கம் சாயவே கூடாது. வெளிப்பக்கம் எவ்வளவு சாய்வு என்று மேனுவல் சொல்கிறதோ அதோடு நிறுத்துங்கள். சுவர்ப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் தட்டில் சேர்கிற தண்ணீர் ரூமுக்குள் வரும், அதுவும் பேனலுக்குப் பின்னால்.

மழையை வெளியில் நிறுத்துவது

ஆங்கிள் போலத் தெரியும் பக்க விளிம்புக்குப் பின்னால், மெஷினைச் சுவரோடு சேர்ப்பதற்கு முன்பே சிலிக்கான் ஒரு கோடு போட வேண்டும். மாட்டி முடித்துவிட்டு வெளியே பூசுவது அழகுக்கு மட்டும்தான். நியூட்ரல் சிலிக்கான் கேட்டு வாங்குங்கள். திறந்தவுடன் வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் கண்ணாடிக்கு நல்லது, ஜிஐ தகட்டை அரிக்கும். மேலே பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்றால் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் போடுங்கள். சிலிக்கான் மேல் பெயின்ட் நிற்காது.

மெஷின் தலைக்கு மேலே ஒரு தகடு வரும். அதைப் பூச்சின் மேல் வைத்து சிலிக்கான் தடவினால் ஒரு வெயில் காலம் தாங்கும். பிறகு பூச்சுக்கும் சிலிக்கானுக்கும் நடுவே கோடு விழும். கட்டரால் சுவரில் 15, 20 மி.மீ. ஆழத்துக்கு ஒரு காடி எடுத்து, தகட்டின் மேல் ஓரத்தை மடித்து அதற்குள் செருகி, அப்புறம் அடையுங்கள். சுவரில் வழிந்து வரும் தண்ணீர் தகட்டின் மேல் ஏறிப் போய்விடும். நேரம் பிடிக்கிற வேலை. காண்டிராக்டர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

மேலேயும் இரண்டு பக்கமும் முழுதாக அடையுங்கள். கீழ் விளிம்பில் மட்டும் நடுவில் கொஞ்சம் இடம் விடுங்கள். பின்னால் எப்படியாவது புகுந்த தண்ணீர் வெளியேற வழி வேண்டும். ஒரு சைட்டில் முந்தைய ஆட்கள் கீழே கெட்டியாக அடைத்து மேலே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சுவரும் மெஷினும் சேர்ந்து தண்ணீர்த்தொட்டியாகி, ரிட்டர்ன் ஜாலி வழியாக உள்ளே வழிந்துகொண்டிருந்தது. டிரெயின் அடைப்பு என்று சொல்லி இரண்டு பேர் வந்து பைப்பைக் கழுவிவிட்டுப் போயிருக்கிறார்கள்!

சுவருக்குள் போகும் டக்ட் துண்டுக்கும் வெட்டிய ஓட்டைக்கும் நடுவே இருக்கும் சந்தையும் மறக்காமல் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் குளிர்காற்று சந்துக்குள் புகுந்து நேராகக் கீழ் ஓட்டைக்கு வரும், ரூமுக்குப் போகாது. மேல் டக்டைச் சுற்றி நைட்ரைல் ரப்பர் ஷீட் ஒட்டுங்கள். ஒட்டாத தகடு ஜூன் மாத ஈரக்காற்றில் வியர்த்து, சுவர் முழுக்கப் பூசணம் பிடிக்கும்.

எல்லாம் முடிந்து சீலன்ட் காய்ந்த பிறகு, மெயினை ஆஃப் செய்துவிட்டு, ஹோஸ் பைப்பில் மேல் தகட்டிலும் பக்க ஓரங்களிலும் பத்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்கட்டும். மின்சாரப் பெட்டிப் பக்கம் அடிக்க வேண்டாம். ஜூன் 1-ஐ ஒட்டி வருகிற மழை செய்யப்போகும் சோதனையை நாமே முன்கூட்டிச் செய்து பார்த்துவிடுவது.

டிரெயின்

25 மி.மீ. பிவிசி பைப், மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு. அதற்கு முன்னால் ஒரு கேள்வி: உங்கள் மெஷினில் ப்ளோயர் காயிலுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? காயில் வழியாகக் காற்றை உறிஞ்சி இழுக்கிற மெஷினில், தண்ணீர்த்தட்டு இருக்கும் இடமும் உறிஞ்சப்படும். டிரெயின் வாய் திறந்திருந்தால் வெளிக்காற்று அதன் வழியே மேலே ஏறி, தண்ணீரை இறங்க விடாது. தட்டு நிரம்பி வழியும். ஆஃப் செய்தவுடன் கடகடவென்று இறங்கும். இந்த அறிகுறியைப் பார்த்தால், தண்ணீர் தேங்கி நின்று காற்றைத் தடுக்கிற யு வளைவு பைப்பில் இல்லை என்று முடிவு செய்யுங்கள். இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு வளைவு வைத்து, முதல் தடவை கையால் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். உள்ளேயே வளைவு வைத்து வரும் மெஷின்களும், தேவைப்படாத மெஷின்களும் உண்டு, மேனுவலைப் பாருங்கள்.

நம் பக்கத்தில் தை, மாசியில் காற்று அவ்வளவு வறண்டிருக்கும். கதவு மூடிய பேனல் ரூமில் தண்ணீரே சேராது. வளைவில் இருக்கும் தண்ணீரும் காய்ந்துவிடும். சித்திரையில் முதல் மழை பெய்ததும் தட்டு வழிகிறது என்று போன் வரும். மாசி சர்வீஸில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தால் அந்த போன் வராது.

டிரெயின் தண்ணீரை அஸ்திவாரத்தில் விடாமல் எர்த் பிட்டில் (எர்த் புதைத்த குழியில்) கொண்டுபோய் விடலாம். கோடையில் பிட் காயாமல் இருக்கும்.

கரண்ட்

இரண்டு டன் சிங்கிள் பேஸ் மெஷின் ஓடும்போது 11, 12 ஆம்பியர் இழுக்கும். தனி லைன், மெஷின் பக்கத்திலேயே கைக்கு எட்டும் ஐசொலேட்டர் (லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), சி டைப் எம்சிபி. எத்தனை ஆம்பியர் எம்சிபி என்பது நேம்பிளேட்டில் இருக்கும்; பெரும்பாலும் 20 அல்லது 25 வரும்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். 25 மீட்டர் தூரத்துக்கு 12 ஆம்பியர் கொண்டுபோனால் 4 சதுர மி.மீ. காப்பரில் ஏறக்குறைய 3 வோல்ட் இழப்பு, 2.5-ல் 5 வோல்ட்டுக்கு மேல். என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஐந்து மடங்கு இழுக்கிறது என்றால் 4-ல் 16 வோல்ட், 2.5-ல் 27 வோல்ட் விழும். பாசன மோட்டார்கள் ஓடுகிற நேரத்தில் ஏற்கெனவே லைன் இறங்கிக் கிடக்கும். அதற்கு மேல் 27 வோல்ட் போனால் கம்ப்ரசர் முனகிவிட்டு நின்றுவிடும். லோ கட், ஹை கட், டைம் டிலே மூன்றும் உள்ள ஸ்டெபிலைசர் போடுங்கள். இரண்டு மெஷின் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் டிலே வேறாக வையுங்கள். கரண்ட் வந்தவுடன் இரண்டும் ஒன்றாகக் கிளம்பினால் ஜெனரேட்டர் திணறும்.

எர்த் வயரை டவர் எர்த்தோடு சேர்க்கும்போது பெயின்டைச் சுரண்டிவிட்டு, ஸ்டார் வாஷர் போட்டு முறுக்குங்கள். சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசியிலும் இங்கே இடி கடுமை. சர்ஜ் அரெஸ்டர் (திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் சாமான்) இல்லாத கன்ட்ரோல் போர்டு ஒரு இடிக்குப் போய்விடும்.

மூன்று பேஸ் ஸ்க்ரோல் கம்ப்ரசர் என்றால் முதல் ஸ்டார்ட்டில் காதைக் கொடுங்கள். கரகரவென்று சத்தம், குளிர் இல்லை, ஆம்பியரும் குறைவு என்றால் தலைகீழாகச் சுற்றுகிறது. உடனே நிறுத்தி, மெயினில் இரண்டு பேஸை மாற்றிப் போடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

கம்ப்ரசருக்கு லாரிப் பயணத்துக்காக மாட்டிய பட்டையோ போல்ட்டோ இருந்தால் கழற்றினீர்களா? ஃபில்டர் மேலிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்தீர்களா? சரி, ஸ்டார்ட். ஆஃப் செய்த உடனே ஆன் செய்யாதீர்கள். கம்ப்ரசர் கிளம்ப மூன்று, ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வது கோளாறு அல்ல.

இருபது நிமிடம் ஓடட்டும். கீழ் ஜாலியில் ஒரு தெர்மாமீட்டர், மேல் ஜாலியில் ஒன்று. 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் வந்தால் நல்லது. கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்து நேம்பிளேட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் வேலை முடிந்தது.

கேஸ் பிரஷர் பார்க்க கேஜ் மாட்டத் துடிக்கும் கையைக் கட்டிப்போடுங்கள். கிராம் கணக்கில் நிரப்பிய கேஸ் அது. ஒவ்வொரு தடவை கேஜ் மாட்டிக் கழற்றும்போதும் கொஞ்சம் போகும். பழைய கேஸான ஆர்-22 பழக்கத்தில் 65, 70 பிஎஸ்ஐ எதிர்பார்த்துவிட்டு, ஆர்-410ஏ மெஷினில் 120 காட்டினால் ஓவர்சார்ஜ் என்று கேஸை விட்டுவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த கேஸுக்கு அதுதான் இயல்பு. வித்தியாசம் 6 டிகிரிக்குக் கீழே இருந்தால் முதலில் கண்டென்சர் காற்றும், உள்ளே குளிர்காற்று போகும் வழியும் பாருங்கள்.

உள்ளே போகும் வழி என்றால்: ரேக்கை மேல் ஜாலிக்கு நேர் முன்னால் ஒட்டி நிறுத்தியிருப்பார்கள். குளிர்காற்று ரேக்கில் மோதிக் கீழே விழுந்து, அப்படியே ரிட்டர்னில் நுழையும். தெர்மோஸ்டாட் ஜில்லென்று இருக்கிறது என்று கம்ப்ரசரை நிறுத்தும், அறையின் அந்த மூலை வேகும். ஜாலித் தகடுகளை மேல்நோக்கித் திருப்புங்கள், ரேக்கை நகர்த்தச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டைக் குளிர்காற்று நேராகப் படாத சுவரில் மாட்டுங்கள்.

பேட்டரி இருக்கும் அறையில் 25 முதல் 27 டிகிரி போதும். 18-ல் வைத்தால் பேட்டரிக்கு லாபம் எதுவும் இல்லை, கரண்ட் பில்தான் ஏறும். அதற்காக 35-ல் விட்டாலும் நஷ்டம். சீல்டு லெட் ஆசிட் பேட்டரிக்கு, சொன்ன அளவைவிடப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. பேட்டரி விலையையும் ஏசி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் எந்த ஓனரும் சர்வீஸ் காண்டிராக்டுக்குச் சம்மதிப்பார்.

சர்வீஸ் தேதியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று அச்சடித்த காலண்டர்படி வைக்காதீர்கள். சித்தூர், ஆலத்தூர் பக்கம் நெல் அறுவடை முடியும்போது காற்றில் பதர் பறக்கும். கண்டென்சர் காயில் முழுக்கப் பாய் விரித்தது மாதிரி அடைந்துவிடும். அறுவடை முடிந்த வாரம் ஒரு கழுவல். கோடை பிடிப்பதற்கு முன்பு மாசியில் ஒன்று. மழைக்கு முன்பு வைகாசியில் ஒன்று, அப்போது மேல் தகட்டு சீலன்ட்டையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கழுவும்போது தண்ணீரை உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும், பிரஷர் வாஷர் வைத்து ஃபின்னை (காயிலின் மெல்லிய தகடுகளை) மடக்கிவிடக் கூடாது. உள் ஃபில்டரை ரூமுக்குப் பொறுப்பான ஆளே மாதம் ஒரு தடவை கழற்றிக் கழுவலாம். எப்படிக் கழற்றுவது என்று மாட்டுகிற அன்றே அவரைக் கூப்பிட்டு ஒரு தடவை அவர் கையாலேயே செய்யவைத்துவிட்டு, மேனுவலை பிளாஸ்டிக் கவரில் போட்டு மெயின் பெட்டிக் கதவின் உள்பக்கம் மாட்டிவிட்டு வாருங்கள்.